நாற்பத்தைந்து பூசான்–சியோல்

மனைவியை சாவ் பாவ்லோவுக்குப் போகவிடுவதில்லை என்று பியோ தல்சூ தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலை, சோற்றுக்கும் கிம்ச்சிக்கும் நடுவில். லேசுப்பட்ட தீர்மானம் இல்லை. முப்பது வருஷம் பூசானுக்கும் சியோலுக்கும் விரைவுப் பேருந்து ஓட்டியவர், ஒருநாள்கூடத் தாமதமாகப் போய்ச் சேராதவர், எடுத்த தீர்மானம். அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அந்த வீட்டில் தீர்மானங்களை எடுப்பது அவர். முடிவுகளை எடுப்பது மனைவி சுன்போக்.

"மிரானுக்கு அடுத்த மாசக் கடைசியில பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்காங்க," என்றாள் சுன்போக், மீனை முள் நீக்கி அவர் கிண்ணத்தில் வைத்தபடி. "அங்க பெரியவங்கன்னு யாரும் இல்ல. மாப்பிள்ளையோட அம்மா தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மூணு வாரம் நான் போய் இருந்து பார்த்துட்டு வரேன்."

"எங்க?"

"உங்க பொண்ணு எங்க இருக்காளோ, அங்க."

"எனக்கு எந்த ஊர்லயும் பொண்ணு இல்ல."

"சரி. அப்ப என் பொண்ணு இருக்கற ஊருக்கு."

ஐந்து வருஷத்துக்கு முன்னால், "நான் பஸ்ஸில போய்ச் சேர முடியாத ஊருக்குப் பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்று தல்சூ சொல்லியிருந்தார். சொன்ன இடம் இதே சாப்பாட்டு மேசை. மாப்பிள்ளைப் பையனும் கொரியன்தான். ஆனால் அவன் அப்பா காலத்திலேயே குடும்பம் பிரேசிலுக்குப் போய்த் துணி தைத்து விற்று வேரூன்றிவிட்டது. மிரான் அப்பாவின் பேச்சைக் கேட்கவில்லை. ஒற்றைப் பிள்ளை, அவரைப் போலவே பிடிவாதம். பூசானில் நடந்த கல்யாணத்துக்குத் தல்சூ போனார், முதல் வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து, ஞாயிறு காலையில் மிரானின் முகம் போனில் தெரிந்தால், அவர் பால்கனிக்குப் போய் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இதில் இரண்டு மூன்று செடிகள் வேர் அழுகிச் செத்துப்போயின. பால்கனிக் கதவு மட்டும் எப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கும். அதைச் சுன்போக் சாத்தியதும் இல்லை, கேட்டதும் இல்லை.

மனைவி போய்விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்பது தல்சூவின் முதல் கவலை. ஆனால் அது வெளியில் சொல்லக்கூடிய கவலை. சொல்ல முடியாத கவலை வேறு. அந்த ஊர் ஏற்கெனவே ஒருத்தியை விழுங்கிவிட்டது. அடுத்தவளையும் விழுங்கினால் கிஜாங் கடற்கரையில் இந்த எட்டாவது மாடியில் அவர் மட்டும் என்ன செய்வார்? எனவே வழக்கம்போலச் சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். சத்தம் போட்டு இந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. இந்தத் தடவை தூரத்தை வைத்து அவளைப் பயமுறுத்துவது என்று முடிவு செய்தார். தூரம் அவருடைய தொழில்.

மறுநாள் மிரானின் பள்ளிக்கூடத்து உலக உருண்டையை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டினார். தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல். ஒரு முனையைப் பூசானில் வைத்து அழுத்திக்கொண்டு மறுமுனையை இழுத்தார். நூல் போனது, போனது, உருண்டையின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"பதினெட்டாயிரம் கிலோமீட்டர்," என்றார். "நாப்பத்தஞ்சு பூசான்–சியோல். தெரியுமா உனக்கு? பூமிக்கு அந்தப் பக்கம். இதுக்கு மேல தூரமா ஓடறதுக்கு உலகத்துல இடமே கிடையாது. இன்னும் ஒரு எட்டு வெச்சா, அது திரும்பி வர்ற வழி."

"அப்படித்தான் நானும் அஞ்சு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள் சுன்போக். அவள் முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கிண்டலா? நேரா விமானமே கிடையாது. முதல்ல தோஹா. பத்து மணி நேரம். அங்க இறங்கி, காத்துக் கிடந்து, அப்புறம் இன்னொரு விமானம், பதினஞ்சு மணி நேரம். உன் கால் தாங்குமா? இங்க பகல்னா அங்க ராத்திரி. சரியா பன்னெண்டு மணி நேர வித்தியாசம்."

"அப்ப கடிகாரத்தை மாத்தவே வேண்டாம். இங்க ஏழுன்னா அங்கயும் ஏழு."

தல்சூ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

"அது போகட்டும். நாப்பத்தஞ்சு பூசான்–சியோலுக்கு என்ன சொல்ற?"

"மிரான் அப்பா, நீங்க முப்பது வருஷம் தினமும் ஓட்டினீங்க. அப்படிப் பார்த்தா எத்தனை தடவை பிரேசிலுக்குப் போயிட்டு வந்திருப்பீங்க?"

மனக்கணக்கு அவருக்குச் சுலபம். போட்டார். நூற்றைத் தாண்டியது. உருண்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே சுன்போக் அவருக்கு ஒரு ஏப்ரனை மாட்டிவிட்டு அடுப்பின் முன்னால் நிறுத்தினாள். "நான் இல்லாதப்ப பட்டினி கிடப்பீங்களா? ஒண்ணே ஒண்ணு கத்துக்கோங்க. கடற்பாசி சூப்பு. அது தெரிஞ்சா எந்த மனுசனும் சாக மாட்டான்."

தல்சூவுக்கு உள்ளூரச் சந்தோஷம். கேவலமாகச் சமைத்துக் காட்டினால் இவள் போகமாட்டாள். முதல் நாள் கடற்பாசியை ஊறவைக்காமலே சட்டியில் போட்டார். இரண்டாம் நாள் சோயா சாஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். சுன்போக் ஒரு வாய் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளிக்காமல், "நம்ம கம்பெனியில உங்களுக்கு அப்புறம் வந்த டிரைவர்கூட முதல் வாரத்துல இப்படித்தான், வண்டியைச் சுவத்துல உரசினாராம்" என்றாள்.

இந்தச் சொல் அவரைச் சுட்டது. மூன்றாம் நாளிலிருந்து சூப்பு ஒழுங்காக வந்தது. ஊறவைத்த பாசியை நல்லெண்ணெயில் மாட்டிறைச்சியோடு வதக்குவது, அது பச்சை பளபளக்கும்போது தண்ணீர் விடுவது, பொங்கியதும் தீயைக் குறைத்து அப்படியே விட்டுவிடுவது. அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தாலும் கெட்டுப்போகும். மலைப்பாதையில் வண்டி இறக்குவது மாதிரிதான் என்று தெரிந்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் ஒரு சட்டி வைத்தார்.

"இவ்வளவு பெரிய சட்டி எதுக்கு? நான் ஒரு ஆள்தானே?"

"கொஞ்சமா வெச்சா ருசி வராது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மிச்சம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகிறது என்று அவர் எண்ணிக்கொண்டார். நான்காவது மாடிக்காரர் லிஃப்டில் பார்த்தபோது சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு.

அடுத்த வாரம் இருவரும் கிஜாங் சந்தைக்குப் போனார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பு வைக்கவென்று தனிப் பாசி இருக்கிறது. ஆள் உயரத்தில் பாதிக்கு நீளமாக, ஒடியாமல் மடியாமல் காயவைத்தது. அதை வாங்கும்போது பேரம் பேசக்கூடாது. பேசினால் பிறக்கிற குழந்தையின் ஆயுள் குறையும். மடிக்கக்கூடாது, மடித்தால் பிரசவம் கஷ்டமாகும். தல்சூவுக்கும் இது தெரியும். ஆனால் அந்தச் சந்தையில் அவர் வாயிலிருந்து பேரம் தானாக வரும், கொட்டாவி மாதிரி. கடைக்காரம்மா விலையைச் சொன்னவுடனே, "என்னம்மா இது, போன வருஷம்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

சுன்போக் அவர் காலை மிதித்தாள். கடைக்காரம்மா கையிலிருந்த பாசியை அப்படியே நிறுத்தினாள்.

தல்சூவின் முகம் வெளுத்துப்போயிற்று. "இல்ல, இல்ல," என்றார். "போன வருஷம் மழை அதிகம்னு சொல்ல வந்தேன்." பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் மிச்சத்தை நீட்டியபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக, "வெச்சுக்கோங்க" என்றார். கடைக்காரம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டு, "பேரனா பேத்தியா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்," என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம், ஆரம்பித்த அந்த அரை வாக்கியம் பேரமாகக் கணக்காகுமா ஆகாதா என்று அவர் மனது அரித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு வழி பளிச்சென்று தெரிந்தது. பாசியின் நீளம் பெட்டிக்குள் அடங்காது. அடக்கினால் மடியும். மடிந்த பாசியைச் சுன்போக் மகளுக்கு எடுத்துப் போகவே மாட்டாள். வேலை முடிந்தது. அவள் பொது வெந்நீர்க் குளியலுக்குக் கிளம்பிப்போன மதியம், தல்சூ பாசிக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு முனையை முழங்காலால் அழுத்திக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். லேசாக வளைத்தால் போதும். "பெட்டியில வைக்கப் பார்த்தேன், ஒடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிடலாம்.

கை வளைக்கவில்லை. பாசிக்கு உப்பு வாசனை. மிரான் பிறந்தபோது இதே மாதிரி ஒரு கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ்ஸில் யாரும் இடித்துவிடக்கூடாதே என்று நின்றுகொண்டே வந்தவர் அவர். அந்த ஒரு நாள் மட்டும்தான் அவர் பஸ்ஸில் பயணியாக வந்து பயந்தார். இப்போது பூமியின் அந்தப் பக்கத்தில் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடப்பாள். தல்சூவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்மேலேயே கோபம் வந்தது. எழுந்து போய்த் தன் தூண்டில் கோல்களின் நீளப் பெட்டியைத் திறந்தார். கோல்களை எடுத்து வெறும் தரையில் கிடத்தினார். யாரையும் தொடவிடாத பெட்டி. அதற்குள் தன் குளிர்காலக் கழுத்துத் துணியை விரித்து, பாசியைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து மூடினார்.

சுன்போக் ஈரத்தலையோடு வந்தாள். தரையில் கிடந்த கோல்களைப் பார்த்தாள். மூடியிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"மடிஞ்சு கிடிஞ்சு தொலைக்கப் போகுதுன்னு வெச்சேன்," என்றார் தல்சூ. "நீ போறேன்னு நான் ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல."

"இல்லதான்," என்றாள் அவள்.

மிச்சமிருந்தது ஒரே ஆயுதம்: வழி. வழி சிக்கலானது என்று காட்டினால் எந்தப் பெண்பிள்ளையும் தனியாகப் போகப் பயப்படுவாள். போனில் தோஹா விமான நிலையத்தைப் பற்றி யார் யாரோ எடுத்துப் போட்டிருந்த படங்களை ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் மேசையில் தீப்பெட்டி, ஸ்பூன், பல்குச்சிகளை வைத்துப் பாடம் நடத்தினார்.

"இறங்கினவுடனே வெளிய போற பலகையைப் பார்த்து எல்லாரும் ஓடுவாங்க. நீ ஓடக்கூடாது. ஓடினா தொலைஞ்ச. விமானம் மாறிப் போறவங்க பலகை வேற."

"அப்புறம்?"

"சோதனை. பெல்ட், செருப்பு, எல்லாம் கழட்டணும். அப்புறம் ஒரு சின்ன ரயில், கட்டடத்துக்குள்ளேயே ஓடும். அதுல ஏறணும்."

"அப்புறம் இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது. நேத்துதானே சொன்னேன்?"

"மறந்துபோச்சு. எவ்வளவு பெரிய இடம்ங்க. எனக்குத் தலையே சுத்துது. இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க."

தல்சூ ஆனந்தமாக முதலிலிருந்து சொன்னார். பயந்துவிட்டாள், கண்ணிலேயே தெரிகிறது. ஜூலை வெக்கையில் அவள் தடித்த இறுக்கமான காலுறையோடு வீட்டுக்குள் நடப்பதை மட்டும் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த ஊரில் இப்போது குளிர்காலம், அதற்கு இப்போதே பழகிக்கொள்கிறாளோ என்று நினைத்து, அந்தப் பிடிவாதத்தை எண்ணிப் பெருமூச்சு விட்டார்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, சுன்போக் மேசையில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மிரான் அப்பா, நீங்க சொன்னதையெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொல்றதுதான் சரி. ரொம்பத் தூரம். நான் போகல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் "நீங்க சொல்றதுதான் சரி" என்பதை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டார். தூரம் ஜெயித்துவிட்டது. அந்தச் சந்தோஷம் சிக்னலில் பச்சை விளக்கு எரியும் நேரம்தான் நீடித்தது.

"அப்ப மிரானுக்கு யாரு இருக்கா?" என்றார்.

ஐந்து வருஷமாக அவர் வாயில் வராத பெயர். அது வந்துவிட்டதை அவரே கொஞ்சம் கழித்துத்தான் உணர்ந்தார். சுன்போக் தலையை நிமிர்த்தவில்லை. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து அவர் பக்கமாக நகர்த்தினாள். விமானச் சீட்டு. பெயர் இருக்கும் இடத்தில் பியோ தல்சூ என்று இருந்தது.

"இது என்ன? பேரைத் தப்பாப் போட்டிருக்காங்க."

"சரியாத்தான் போட்டிருக்கு. மிரானே அங்கேருந்து எடுத்து அனுப்பினா. போன மாசமே."

"நானா? ஆம்பிள போய்ப் பிரசவம் பார்க்கறதா?"

"பிரசவத்தை டாக்டருங்க பார்ப்பாங்க. நீங்க சூப்பைப் பாருங்க. உங்களுக்குத்தான் அது என்னைவிட நல்லா வருதே."

"இருபத்தஞ்சு மணி நேரம் விமானத்துல..."

"மாறிப் போறவங்க பலகையைப் பாருங்க, ஓடாதீங்க. செருப்பைக் கழட்டுங்க. சின்ன ரயில். இறங்கினா இடது பக்கம். இந்த வீட்டுல அந்த வழி தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். பெட்டியும் உங்க பெட்டி. வேற யாரையும் தொடவிட மாட்டீங்களே. பாஸ்போர்ட்டும் இருக்கு, நண்பர்களோட சீனாவுக்குப் போனப்ப எடுத்தது."

தல்சூ மேசையைப் பார்த்தார். தீப்பெட்டியும் பல்குச்சிகளும் நேற்று வைத்த இடத்திலேயே விமான நிலையமாக இருந்தன. ஒரு மாதமாகத் தன்னையே தான் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நீயும் வா," என்றார். அவர் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

சுன்போக் காலுறையைக் கீழே இறக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து முடிச்சு முடிச்சாக நின்றன. மீன் கேக் ஆலையில் நின்றே வேலை பார்த்த வருஷங்கள் எல்லாம் அங்கே இருந்தன. "ரத்தம் கட்டிக்கிச்சாம். அவ்வளவு நேரம் உட்கார்ந்தா அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மருந்து சாப்பிடறேன், இங்க இருந்தா ஒண்ணும் ஆகாது. விமானம் மட்டும் கூடாது."

"எப்ப சொன்னாரு?"

"மார்ச்சுல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, ரெண்டு பேருமே போக வேண்டாம்னு சொல்லிட்டு மிளகாய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருப்பீங்க."

அது உண்மைதான். தல்சூ குனிந்து, அந்தக் காலுறையைத் தன் கையாலேயே முழங்கால் வரை ஏற்றிவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. காலை நினைத்துப் பயம், போவதை நினைத்துப் பயம், எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பெண்ணின் வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பயம்.

"போய் நின்னுக்கிட்டு நான் என்ன பேசறது அவகிட்ட?"

"ஒண்ணும் பேச வேண்டாம். கிண்ணத்தை முன்னாடி வெச்சு, சாப்பிடுன்னு சொல்லுங்க. அவ உங்க பொண்ணு. புரிஞ்சுக்குவா." சுன்போக் சீட்டை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினாள். "சீட்டு எடுக்கறப்ப எத்தனை தடவை கேட்டா தெரியுமா? அப்பா நிஜமா வருவாரா, நிஜமா வருவாரான்னு. வழி தெரிஞ்சா வந்துடுவாருன்னு சொன்னேன்."

தல்சூ எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பாசி மடியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பூசான் பேருந்து நிலையத்தில், இஞ்சியோன் விமான நிலையத்துக்குப் போகிற வண்டி நின்றது. அவர் பழைய கம்பெனி வண்டி. ஓட்டுநர் அவரைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னார். தூண்டில் பெட்டியைக் கீழே சாமான் அறையில் போடத் தல்சூ ஒப்பவில்லை. மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்றார்.

"உங்க ஊருக்கும் மிரான் ஊருக்கும் நடுவுல முதல் துண்டு பஸ்ஸுதான்," என்றாள் சுன்போக், படியருகே நின்று. "அப்புறம் இருக்கறதையும் பஸ்ஸுன்னே நினைச்சுக்கோங்க. ஓட்டறவர் வேற, அவ்வளவுதான். கடிகாரத்தைத் தொடாதீங்க. நீங்க ஏழு மணிக்குக் கிண்ணத்தை வைக்கறப்ப நானும் இங்க ஏழு மணிக்குச் சாப்பிட உட்காருவேன்."

"வேளைக்கு மாத்திரை போடு. காலை மேல தூக்கி வெச்சுக்கோ." படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அவர் நின்றார். இறங்கிவிட ஒரு கடைசிக் காரணம் அகப்பட்டது. "அந்தக் காலை வெச்சுக்கிட்டு அடுப்படியில நிக்கப் போறியா? மூணு வாரம் உனக்கு யாரு சமைப்பா?"

சுன்போக் அவரை மெதுவாகப் படியேற்றிவிட்டாள்.

"நீங்க வெச்ச சூப்பு அத்தனையும் ஃப்ரீசர்ல இருக்கு. மூணு வாரத்துக்குச் சரியா வரும், முன்கூட்டியே வந்து நிக்காதீங்க."